மாத்திரைக்கும் இட்லிக்கும் நடுவே ஒரு மணி நேரம்

என் மனைவி பாக்கியலட்சுமிக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான். வெறும் வயிறு. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஏர்கான் கழுவ வந்தவராக இருக்கட்டும், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவாக இருக்கட்டும், வாசலில் கால் வைத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள், தட்டு வந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் தொடக்கப்பள்ளி கேண்டீனில் ஸ்டால் நடத்தியவள். முந்நூறு பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில், சாப்பிடாமல் தூணோரம் நிற்கும் ஒன்றை மட்டும் அவள் கண் பொறுக்கி எடுத்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டாலை விட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்த ஒரே பிள்ளை நான்தான்.

இந்தக் குணம் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அவளுடைய அண்ணன் ரஞ்சன் கப்பல் பட்டறையில் வெல்டர். முதுகுவலி மாத்திரையை வெறும் தண்ணீரில் முழுங்கிவிட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவார். மாதக்கணக்கில் அப்படி. ஒருநாள் பட்டறையிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார். வயிற்றில் புண். இரண்டே நாளில் ஆள் போய்விட்டார். முப்பத்தாறு வயசு. எங்களுக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம் அது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலைவலிக்கு ஒரு பனடோல் போடவேண்டுமென்றாலும் முதலில் நாலு வாய் உள்ளே போயாக வேண்டும். மறுபேச்சே கிடையாது.

என் பெயர் தங்கராஜு. தேக்காவில் ஒரு பின்சந்தில் இருக்கிற அரைவை மில்லில் முப்பத்தோரு வருஷமாக மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைக்கிறேன். தும்மலெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் போன வருஷம் மூக்கடைத்து, இடது கண்ணுக்குப் பின்னால் குடைய ஆரம்பித்தபோது ஆறு வாரம் தைலத்தைத் தடவிக்கொண்டு திரிந்தேன். சர்க்கரை வேறு கட்டுக்குள் இல்லை. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், ஒரே எண்ணுள்ள இரண்டு பஸ் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வருகின்றன. எந்தக் கதவில் ஏறுவது என்று தெரியாமல் கையை நீட்டிக் காற்றைப் பிடித்தேன். பின்னால் நின்ற ஒரு சீனக் கிழவர்தான் என்னைத் தாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மூக்குக்குப் பின்னால், மண்டைக்கு அடியில் இருக்கும் காற்றறையில் பூஞ்சை. பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்தச் சாதி. "மில் தூசியாலயா டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டர் ஓங் நிதானமான மனிதர். இந்தப் பூஞ்சை எல்லார் மூச்சிலும் போகிறது, அங்கிள், எங்கிருந்து வந்ததென்று சொல்லமுடியாது, சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் தங்கிவிடும் என்றார். மூக்கு வழியாகக் கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். ஆனால் அதற்குள் அது பக்கத்துச் சுவரைத் தின்னத் தொடங்கியிருந்தது. பக்கத்துச் சுவர் என்றால், இடது பக்கத்து மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியின் சுவர். சைக்கிள் டியூப் ஒரு பக்கம் நைந்துபோனால் காற்றடிக்கும்போது அங்கே மட்டும் உப்புமே, அப்படி ஒரு வீக்கம். நாலு மில்லிமீட்டர்.

"வெடிச்சா?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வெடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதே கஷ்டம் என்றார். தமனிச் சுவர் இப்போது புண்ணாக இருக்கிறது, உடனே அதில் கைவைப்பது ஆபத்து, முதலில் மருந்தால் பூஞ்சையைக் கொல்வோம், சில பேருக்கு வீக்கம் தானே வற்றிவிடும் என்றார். பாக்கியலட்சுமி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் பிடித்த இடத்தில் துணி கசங்கிப் பிசைந்த மாவாகக் கிடந்தது.

மருந்தகத்தில் ஒரு பெண் மாத்திரையை எடுத்து வைத்து எல்லாம் விளக்கிச் சொன்னாள். காலை ஆறு, மாலை ஆறு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் ஒரு மணி நேரம் பின்னால். அதிலும் எண்ணெய் நெய்யோடு போனால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. மாத்திரை போட்ட அரை மணியில் கண்ணில் வெளிச்சம் மினுக்கலாம், நிறம் மாறித் தெரியலாம், பயப்படவேண்டாம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். இரண்டு பேரும்தான் ஆட்டினோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேசையில் நாலு இட்லி. பொடி. பொடிமேல் குழி பறித்து நெய். பக்கத்தில் மாத்திரை.

"ஒரு மணி நேரம்னு சொன்னாங்களே" என்றேன்.

"சொல்வாங்க. அவங்க வீட்டு ஆளுக்கா குடுக்குறாங்க? பூஞ்சையவே கொல்ற மருந்துங்க இது. வெறும் வயித்துல விழுந்தா கொடல் என்னாகும்? சாப்பிடுங்க பேசாம."

சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவும் இருந்தது. அவள்மேல் மட்டும் பழியைப் போட்டால் என் நாக்கு அழுகிவிடும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ரஞ்சன் படம் மாட்டியிருக்கிற சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். குறைவு. மருந்தகத்திலிருந்து போன் வந்தது. "அங்கிள், மாத்திரை எப்ப போடுறீங்க?" பாக்கியலட்சுமி எதிரே கரண்டியோடு நிற்கிறாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி லா. ஒரு மணி நேரம். கரெக்டா" என்றேன். சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் மகள் சிவானி கேட்டபோதும் அதே பொய். சரி என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அளவு கூடியதைப் பார்த்ததும் என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? மருந்து பலமாகிவிட்டதென்று இட்லியை ஆறாக்கினாள். நெய்யையும் கூட்டினாள்.

கண்ணில் ஒரு மினுக்கலும் இல்லை. "பாத்தீங்களா, சாப்பாட்டோட குடுத்ததால ஒரு கெடுதலும் பண்ணல" என்று அவளுக்குப் பெருமை. எனக்கும்தான். மடையன்.

ஐந்தாவது வாரம் மறுபடி ஸ்கேன். நாலு மில்லிமீட்டர் ஏழாகியிருந்தது. இடது இமை பாதி இறங்கி எழும்ப மறுத்தது. டாக்டர் ஓங் படத்தைத் திரையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பூஞ்சை மருந்துக்கு அடங்கவில்லை போலிருக்கிறது என்றார். இனிமேல் காத்திருக்க முடியாது. அந்தத் தமனியையே உள்ளிருந்து அடைத்துவிடலாம், ரத்தம் அந்தப் பக்கம் போகாவிட்டால் வீக்கம் வெடிக்காது. ஆனால் அதை அடைத்தால் மூளையின் இடது பக்கம் மற்றத் தமனிகளை வைத்துச் சமாளிக்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். சமாளிக்காவிட்டால் வலது கை, கால், பேச்சு எல்லாம் போய்விடும். அதனால் ஒரு சோதனை. தொடை வழியாகக் கழுத்துவரை மெல்லிய குழாயை ஏற்றி, நுனியில் சின்ன பலூனை ஊதித் தமனியை அரை மணி நேரம் அடைத்துப் பார்ப்பார்கள். நான் முழித்திருக்கவேண்டும். பேசிக்கொண்டே இருக்கவேண்டும்.

சோதனைக்கு முந்தின இரவிலிருந்து சாப்பிடக்கூடாது. அதைக் கேட்டு பாக்கியலட்சுமி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அறை வாசல்வரை தூக்குச்சட்டியோடு வந்தாள். "முடிஞ்ச உடனே குடுத்துடலாம்ல?" என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டாள். என் தள்ளுகட்டில் உள்ளே போகும்போது அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க நினைத்தேன். தலையை ஆட்டாதீர்கள் என்றுவிட்டார்கள்.

உள்ளே குளிர். மதுரா என்ற தாதி என் வலது பக்கம் நின்றாள். அறையில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான், அதனாலேயே அவளை அங்கே நிறுத்தியிருந்தார்கள். என் வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தாள். குழந்தைகள் குளிக்கும்போது விளையாடுகிற மஞ்சள் வாத்து.

"நான் சொல்றப்பல்லாம் அமுக்கணும் அங்கிள். கீச்சுன்னு சத்தம் வரணும். நான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். நிறுத்தவே கூடாது. சரியா?"

"என் பேரனுக்குக்கூட நான் வாத்து வாங்கித் தந்ததில்ல" என்றேன். சிரித்தாள்.

பலூனை ஊதிவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோனதுபோல மட்டும் இருந்தது. ஒருவர் நிமிஷத்தை எண்ணிச் சொன்னார்.

"உங்க பேரு?"

"தங்கராஜு."

"அமுக்குங்க." கீச்.

"வீட்டம்மா பேரு?"

"பாக்கியலட்சுமி. வெளிய தூக்குச்சட்டியோட நிப்பா."

கீச். மூன்று நிமிஷம். என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். சாம்பார்த் தூளுக்கு என்னென்ன போடுவீர்கள், சொல்லுங்கள் என்றாள். அது எனக்குப் பிள்ளையார் சுழி மாதிரி. மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரை கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள். கீச். கீச். ஐந்து நிமிஷம். கழுத்துக்குள் குழாய் இருக்கிறதென்பதே மறந்துபோகும் அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

"காலையில பூஞ்சை மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"இல்லம்மா. சாப்பிடக்கூடாதுன்னுட்டாங்களே. வெறும் வயித்துல எப்படிப் போடுறது?"

மதுரா வாத்தை அமுக்கச் சொல்ல மறந்துவிட்டாள். "கொஞ்சம் தண்ணியோட போடலாம்னு தாள்ல எழுதியிருந்துச்சே. மத்த நாள்ல எப்ப போடுவீங்க?"

"இட்லி சாப்பிட்ட கையோட. ஆறு இட்லி, நெய் விட்டு..."

அட கடவுளே. இரண்டு முறை பொய் சொன்ன வாய், இங்கே படுத்துக்கொண்டு தானாகத் திறந்துவிட்டது. பேசிக்கொண்டே இரு, நிறுத்தாதே என்று சொன்னால் பொய்யை யோசிக்க நேரம் எங்கே இருக்கிறது? மதுரா நிமிர்ந்து டாக்டரிடம் இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னாள். டாக்டரின் கை அப்படியே நின்றது.

"எட்டு நிமிஷம்" என்றது குரல்.

"அங்கிள், அமுக்குங்க."

அமுக்கினேன். சத்தம் வரவில்லை.

"அங்கிள், வாத்தை அமுக்குங்க!"

அமுக்கிக்கொண்டுதானே இருக்கிறேன், இந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. சாம்பார்த் தூளுக்கு முதலில் என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். மூட்டை கண்முன்னால் நிற்கிறது. உருண்டை உருண்டையாக அது, அதன் வாசம்கூட மூக்கில் ஏறுகிறது. பெயர் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் அரைத்த சாமான், அதன் பெயர் வரவில்லை. வாயைத் திறந்தால் ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது என் குரலே இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

"இறக்குங்க, இறக்குங்க" என்றார் டாக்டர்.

பலூனில் காற்று இறங்கியது. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, எனக்கு அது ஒரு யுகம். பிறகு கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. என் கைதான். "மல்லி" என்றேன். "மல்லி, மல்லி, மல்லி." மதுரா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வார்டில் கொண்டுவந்து போட்டபிறகு டாக்டர் ஓங் வந்தார், கூடவே மதுராவும். பாக்கியலட்சுமி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தமனியை அடைக்கவே முடியாது என்றார் டாக்டர். அடைத்தால் பேச்சும் கையும் போய்விடும் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. மண்டையைத் திறந்து வேறொரு நாளத்தை வைத்துத் தைத்து ரத்தத்துக்கு மாற்றுவழி போடலாம், அது மிகப் பெரிய ஆபரேஷன், அதற்கும் தயாராக இருப்போம். ஆனால் அதற்குமுன் எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும், அங்கிள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டது யார் சொல்லி என்று கேட்டார்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

"நானேதான் டாக்டர்" என்றேன். "பசி தாங்கமாட்டேன். இவளுக்குத் தெரியாம ஃப்ரிட்ஜைத் திறந்து தின்னுட்டுப் போட்டுக்குவேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய்!" பாக்கியலட்சுமி எழுந்துவிட்டாள். சட்டி மடியிலிருந்து உருண்டது. "அவரு பொய் சொல்றாரு. நான்தான் குடுத்தேன். வேணாம் வேணாம்னாரு, நெய்ய ஊத்தி ஊத்தி நான்தான் குடுத்தேன். எங்கண்ணன் வெறும் வயித்துல போட்டுத்தான் செத்தான். அதுக்காகத்தான் குடுத்தேன். இவரை நான் கொல்லப் பாத்திருக்கேனே, டாக்டர்!"

தமிழில் சொன்னதை மதுரா தலையைக் குனிந்தபடி இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தார். "அம்மா, உங்க அண்ணனோட மாத்திரை வேற, இது வேற. பூஞ்சைக்கு மருந்து கேக்கலன்னு நான் நெனச்சேன். மருந்து உள்ளயே போகல. நீங்க இப்ப சொன்னதால எனக்கு ஒரு வழி இருக்கு" என்றார். இதை மதுரா மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்தை நேராக ரத்தத்தில் ஏற்றினார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் எமன் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தான். முக்கக்கூடாது, குனியக்கூடாது, தும்மலை அடக்கக்கூடாது, வேகமாகத் தும்மவும் கூடாது. மில்காரனிடம் போய் இதைச் சொன்னால்? தலை லேசாக வலித்தாலும் இதோ வெடித்துவிட்டது என்று மணியை அழுத்தினேன். நான் எதைக் கேட்டாலும் பாக்கியலட்சுமி தலையாட்டுவாள், அவ்வளவுதான். ஏழு மில்லிமீட்டர் கூடவில்லை என்று படம் காட்டியதும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் காலை ஆறு மணி. மாத்திரையையும் வெறும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள். நான் முழுங்கினேன். எதிரே உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே எரிகிறதா என்று அங்கிருந்தே தெரிந்துவிடும்போல. இட்லிச் சட்டி அடுப்பிலேயே மூடிக் கிடந்தது. ஆறே கால். ஆறு இருபத்தைந்து. சமையலறை விளக்கின் ஓரம் நீலமாகி, நெளிந்து, மினுக்க ஆரம்பித்தது.

"பாக்கியம்" என்றேன். "லைட்டு மினுக்குது."

"நெசமாவா?"

"நெசமா. உன் தலையச் சுத்தி வேற மினுக்குது."

ஓவென்று அழுதாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "இன்னும் மினுக்குதா? இன்னும் மினுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழு அடித்ததும்தான் மூடியைத் திறந்தாள்.

ஆறு வாரம் கழித்து ஸ்கேன். டாக்டர் ஓங் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஏழு மில்லிமீட்டர் மூன்றாகியிருந்தது. மாத்திரையை இன்னும் ஒரு வருஷத்துக்கு நிறுத்தக்கூடாது, அடிக்கடி வந்து காட்டவேண்டும், ஆனால் ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் நாலடி வைத்திருப்போம், பாக்கியலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் சரிந்தாள். உதடு காய்ந்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. எனக்குப் பொறி தட்டியது. காலையில் ஏழு மணிக்கு என் தட்டில் இட்லி விழுந்தது, அவள் தட்டு எங்கே இருந்தது? நேற்று? அதற்கு முந்தின நாள்?

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

முப்பத்து நாலு வருஷத்தில் அவளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளும் யாரும் கேட்டுப் பழக்கமில்லாதவள்போல என்னைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, அப்ப காளியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். உங்களுக்கு வத்துற வரைக்கும் பகல்ல ஒரு வாய் தொடமாட்டேன்னு."

ஐம்பது நாளுக்குமேல். ஊருக்கே சோறு போட்டவள், ஐம்பது நாளாக, என் கண்ணெதிரே. எனக்கு வந்த கோபத்தில் "அடி பைத்தியக்காரி" என்று கத்திவிட்டேன். எனக்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்த தூக்குச்சட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கித் திறந்தேன். நாலு இட்லி இருந்தது. ஒன்றைப் பிட்டு அவள் வாயருகே கொண்டுபோனேன். தாழ்வாரத்தில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"விடுங்க, வீட்டுக்குப் போயி..." என்றாள்.

"வாயைத் திற" என்றேன்.